ஒரு பேட்டரி, ஒரு ஒயர், ஒரு பல்பு

வரலாறும் இலக்கியமும் படிக்கிற மாணவருக்கு அறிவியல் எதுக்கு? இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு அமெரிக்கக் கல்லூரிகளில் இந்தக் கேள்வி சூடுபிடித்தது. அணுகுண்டு வெடித்துவிட்டது, அறிவியல் எப்படி நடக்கிறது என்று ஓட்டுப் போடுகிறவருக்கும் தெரிய வேண்டாமா? ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், பாயிலின் காற்றுப் பம்பு மாதிரியான பழைய ஆய்வுகளை வரலாறாகச் சொல்லிக் கொடுக்கலாம் என்று 1947இல் எழுதினார். நல்ல யோசனைதான். ஆனால் மாணவர் பம்பைப் பற்றிப் படித்தார், பம்பைத் தொடவில்லை.

தொடவைத்தவர்களில் முக்கியமானவர் ஆர்னால்ட் ஏரன்ஸ். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் இயற்பியல் நடத்திவிட்டு 1968இல் சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அங்கே அவரிடம் படித்தவர்களில் பலர் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் போகிறவர்கள்.

அவர் விரும்பிப் பயன்படுத்திய பயிற்சி ஒன்று, முதலில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவானது. ஒரு பேட்டரி, ஒரு துண்டு ஒயர், ஒரு டார்ச் பல்பு. எரிய வைங்க, அவ்வளவுதான்.

விளையாட்டு மாதிரி இருக்கு, இல்லையா? பெரியவர்களே திணறினார்கள். குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி கரண்டும் ஒரு ஒயர் வழியே பல்புக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைத்து, பேட்டரியின் ஒரு முனையைப் பல்பின் அடிப்புள்ளியோடு இணைப்பார்கள். எரியாது. சிலர் பேட்டரியின் இரு முனையையும் ஒயரால் சேர்க்க, ஒயர் சுடும். இப்படித் தட்டுத்தடுமாறித்தான், பல்பில் தொடவேண்டிய இடம் இரண்டு என்பது பிடிபடும்: அடிப்புள்ளி ஒன்று, பக்கவாட்டு உலோகம் இன்னொன்று. எரிந்தவை, எரியாதவை எல்லாவற்றையும் படம் வரைந்து பிரித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் 'மின்சுற்று' என்ற சொல் வகுப்புக்குள் வரும்.

முதலில் கருத்து, பிறகு பெயர். ஏரன்ஸ் விடாப்பிடியாகச் சொன்னது இதைத்தான். பெயரை முதலில் கொடுத்தால், பெயர் தெரிந்ததே விஷயம் தெரிந்த மாதிரி ஆகிவிடும். இது கலை மாணவர்களோட குறை மட்டும் இல்லை. 1997இல் வந்த ஒரு ஆவணப்படத்தில் எம்ஐடி பட்டதாரிகளிடமே இதே மூன்று பொருளைக் கொடுத்தார்கள். அவர்களிலும் சிலர் திணறினார்கள்.

சியாட்டிலில் இந்த வேலையை லில்லியன் மெக்டெர்மட் குழுவினர் தொடர்ந்து, 1996இல் முழுப் பாடநூலாகவே கொண்டுவந்தார்கள். அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் விஞ்ஞானி ஆகவில்லை என்றால் நஷ்டமில்லை. ஆனால் தானே ஒரு பல்பை எரியவைத்துப் பார்க்காத ஆசிரியர், நாளைக்கு முப்பது பிள்ளைகளுக்கு வெறும் பெயரை மட்டும்தானே கொடுப்பார்?