ஆதரவு முடிந்த சேமிப்புப் பெட்டிகள்: 2021 சொல்லும் பாடம்

2021 ஜூன் 23, 24 தேதிகளில் பல நாடுகளில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' சேமிப்புப் பெட்டிகள் உரிமையாளர் கை படாமலே ஃபேக்டரி ரீசெட் ஆகின. ஆண்டுக்கணக்கில் சேர்த்த குடும்பப் படங்களும் ஆவணங்களும் ஒரே நாளில் அழிந்தன. 2010இல் சந்தைக்கு வந்த அந்தப் பெட்டிக்குக் கடைசி ஃபர்ம்வேர் அப்டேட் 2015இல் வந்தது. ஆகவே நிறுவனம் கைவிட்ட பெட்டியை உடனே தூக்கிப் போட வேண்டும் என்று பலரும் முடிவு கட்டினார்கள். நடந்ததை நுணுகிப் பார்த்தால் அந்த முடிவு பாதி சரி. பெட்டி பழையது என்பதைவிட, அது இணையத்துக்குத் திறந்து கிடந்ததே இழப்புக்கு முதல் காரணம்.

அங்கே இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று 2018இல் பதிவாகியும் அடைக்கப்படாதது. அதன் வழியே வெளியாள் பெட்டிக்குள் எந்தக் கட்டளையையும் இயக்கலாம். மற்றொன்று, பாஸ்வேர்டு கேட்காமலே ரீசெட் செய்ய விட்டது. அது 2011 ஏப்ரலில் நிரலைத் திருத்தியபோது நுழைந்த பிழை என்று நிறுவனமே பின்னர் சொன்னது. அதாவது, அதன் பிறகு ஆதரவு இருந்த நான்கு ஆண்டுகளும் அந்தப் பிழை உள்ளேயே இருந்தது. தாக்குதலுக்கு உள்ளானவை இணையத்திலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பெட்டிகள். சிலர் ரௌட்டரில் தாமே போர்ட் திறந்திருந்தார்கள். சில வீடுகளில் யூபிஎன்பி வசதி கேட்காமலே திறந்துவிட்டிருந்தது. 2024இல் டி-லிங்க்கின் பழைய பெட்டிகளில் பாஸ்வேர்டே இல்லாத ஒரு மறைவான கணக்கு வெளிப்பட்டபோதும், வலையில் திறந்திருந்தவையே இலக்காயின. ஆதரவில் இருந்த கியூநாப் நிறுவனப் பெட்டிகளின் கோப்புகளையும் 2021இல் கியூலாக்கர் என்ற பணயத் தீநிரல் பூட்டிப் பணம் கேட்டது.

இணைய வழியை மூடினாலும், வீட்டுக்குள்ளேயே வைரஸ் புகுந்த கணினி ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய பெட்டிகள் சில எஸ்எம்பி-1 என்ற பழைய கோப்புப் பகிர்வு முறையை மட்டுமே அறியும். 2017இல் வான்னாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியது விண்டோஸில் அந்த முறை இயங்கிய விதத்தில் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஒரு பெட்டிக்காக வீட்டுக் கணினிகளில் அதை மீண்டும் இயக்குவது தவறு. அத்தகைய பெட்டிக்கு ஓய்வு கொடுப்பதே சரி. மற்றவற்றை வைத்துக்கொள்ளலாம். ரௌட்டரில் யூபிஎன்பியை அணைத்து, திறந்த போர்ட்டுகளை மூடி, பெட்டி இணையத்துக்குப் போகும் வழியையும் தடுக்க வேண்டும். பேக்கப் எடுக்கும் நேரத்தில் மட்டும் அதை இயக்கினால் ஆபத்து இன்னும் குறையும்.

ஹார்ட் டிஸ்க்கே பழுதாகிவிடுமே என்பது அடுத்த மறுப்பு. புதுப் பெட்டிக்கும் அதே விதிதான். பல டிஸ்க்குகளைச் சேர்த்த ரெய்டு அமைப்பு ஒரு டிஸ்க்கின் பழுதைத் தாங்கும், அழிப்புக் கட்டளையைத் தாங்காது. ஆகவே பழைய பெட்டி இரண்டாவது நகலாக இருக்கலாம், ஒரே நகலாக இருக்கக் கூடாது. 2021 ஜூலை முதல் தரவு மீட்புச் சேவை வழங்கப்போவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் அறிவித்தது. வேறோர் இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.