எலும்பின் தழும்பும் மூட்டின் அழலும்: முடக்குவாதத்தைப் படம்பிடித்த வரலாறு

முடக்குவாத நோயாளியின் கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடிக்கும் மருத்துவரின் கண் முதலில் விரல்களின் அடிக்கணுக்களுக்குப் போகும். குருத்தெலும்பு முடிந்து மூட்டுறை நேரடியாக எலும்பைத் தொடும் விளிம்பில், செல்லரித்த ஏட்டின் ஓரம்போல ஒரு பள்ளம் தெரியும். அதுதான் எலும்பு அரிப்பு. அழற்சி என்ற சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது. ஆனால் எக்ஸ்ரே காட்டுவது அந்த அழல் எரித்துவிட்டுப் போன இடத்தை மட்டுமே. இன்றும் எரிகிறதா என்பதை அது சொல்லாது.

ராண்ட்ஜென் 1895இல் எக்ஸ்கதிரைக் கண்டறிந்தார். முடக்குவாதச் சேதத்தை ஸ்டெயின்புரோக்கர் குழு நான்கு நிலைகளாகப் பகுத்தது 1949இல். அந்த நிலைகள் ஏறுமே ஒழிய இறங்குவதில்லை; மருந்து வேலை செய்கிறதா என்று அறிய அவை போதவில்லை. 1971இல் ஷார்ப் ஒவ்வொரு மூட்டிலும் அரிப்பையும் இடைவெளிக் குறுக்கத்தையும் தனித்தனியே எண்ணத் தொடங்கினார். 1977இல் லார்சன், ஒப்பிட்டு மதிப்பிட மாதிரிப் படங்களைத் தந்தார். ஷார்ப் முறையில் பாதங்களையும் சேர்த்து வான் டெர் ஹெய்டே 1989இல் திருத்திய அளவையே இன்றும் மருந்தாய்வுகள் பெரிதும் நம்புகின்றன. அதன் உச்ச மதிப்பெண் 448: அரிப்புக்கு 280, இடைவெளிக் குறுக்கத்துக்கு 168.

இந்தப் பொறுமையான கணக்கின் பயன் 2000இல் வெளியான அட்ராக்ட் ஆய்வில் தெரிந்தது. மெத்தோட்ரெக்சேட் மருந்தை மட்டும் பெற்றவர்களின் சேத மதிப்பெண் 54 வாரங்களில் சராசரியாக 7.0 கூடியது, இன்ஃப்ளிக்சிமாபும் சேர்த்துப் பெற்றவர்களுக்குக் கூடியது 0.6 மட்டுமே. வலியும் வீக்கமும் போதுமான அளவு குறையாதவர்களிடம்கூட எலும்புச் சேதம் மட்டுப்பட்டிருந்தது. நோயாளி உணர்வதும் எலும்பு படுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதற்கிடையே அழலையே பார்க்கும் கருவிகள் வந்துவிட்டன. நோய் தொடங்கி நான்கு மாதமே ஆனவர்களின் மணிக்கட்டை நியூசிலாந்தில் மெக்வீன் குழு 1998இல் ஆராய்ந்தது. எக்ஸ்ரேயில் 15 விழுக்காட்டினரிடம் அரிப்பு தென்பட, எம்.ஆர்.ஐ.யில் 45 விழுக்காட்டினரிடம் தென்பட்டது. எலும்பு மச்சையின் நீர்க்கோப்பு, வரப்போகும் அரிப்பின் முன்னறிவிப்பு என்பதையும் எம்.ஆர்.ஐ.தான் கற்றுத்தந்தது. பவர் டாப்ளர் அல்ட்ராசவுண்டோ தடித்த மூட்டுறைக்குள் ஓடும் இரத்தத்தைத் திரையில் செம்புள்ளிகளாகக் காட்டியது. நோய் தணிந்துவிட்டதாகக் கருதப்பட்டவர்களின் மூட்டிலும் அந்தப் புள்ளிகள் மினுங்கின. அப்படிப்பட்ட மூட்டுகள் பின்னர் சேதமடையும் வாய்ப்பு அதிகம் என்று 2008இல் பிரவுன் குழு காட்டியது.

கடைசிப் புள்ளியையும் அணைத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. நார்வேயின் ஆர்க்டிக் ஆய்வு (2016) அல்ட்ராசவுண்டைக் கொண்டும், டென்மார்க்கின் இமேஜின்-ஆர்ஏ ஆய்வு (2019) எம்.ஆர்.ஐ.யைக் கொண்டும் இதைச் சோதித்தன. ஆர்க்டிக்கில் இலக்கை எட்டியவர்கள் படத்தைப் பின்பற்றிய அணியில் 22 விழுக்காடு, வழக்கமான பரிசோதனையைப் பின்பற்றிய அணியில் 19. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த இயலாது. டென்மார்க்கிலும் முதன்மை இலக்குகளில் படவழி அணி முந்தவில்லை. மாறாக, கடுமையான பாதகங்கள் அந்த அணியில் 17 பேருக்கும் மற்றதில் 6 பேருக்கும் நேர்ந்தன.

நோயறிதலில் ஐயம் எழும்போதும், மூட்டு வீங்கியிருக்கிறதா என்று விரலால் தடவித் தீர்மானிக்க முடியாதபோதும் படம் இன்றியமையாதது. திரையில் மட்டும் எஞ்சிய ஒரு செம்புள்ளிக்காக மருந்தைக் கூட்டுவதை இந்த ஆய்வுகள் ஆதரிக்கவில்லை.