சையத் அப்துல் ரஹீமின் இடம்: இந்தியக் கால்பந்தில் நிரம்பாத ஒரு காலிப்பணியிடம்

சையத் அப்துல் ரஹீம் (1909–1963) ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். உஸ்மானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றவர். 1950 முதல் தாம் இறக்கும்வரை ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். அதே காலத்தில் இந்திய அணியையும் பல முக்கியப் போட்டிகளுக்கு ஆயத்தம் செய்தார். 1951இல் தில்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா கால்பந்தில் தங்கம் வென்றது. அந்த இரண்டு அணிகளையும் உருவாக்கியவர் அவரே. மூன்றாவது தங்கம் இன்றுவரை வரவில்லை.

ரஹீமின் வாழ்க்கையைப் பற்றி இப்போது பலரும் எழுதுகிறார்கள். 2024இல் ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் வந்த பிறகு, அவர் பெயரைக் கேட்டறியாத மாணவர்களும் கேட்டறிந்தார்கள். ஆனால் படம் ஜகார்த்தாவின் வெற்றியோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பின் என்ன ஆயிற்று, அவர் விட்டுச்சென்ற இடத்தில் யார் அமர்ந்தார், அது ஏன் நிரம்பவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ரஹீம் செய்த வேலை

ஒருவருடைய இடத்தை நிரப்ப வேண்டுமானால், அவர் என்னென்ன வேலை பார்த்தார் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். ரஹீமின் விஷயத்தில் கூட்டமைப்பினர் தவறவிட்டது இதைத்தான் என்பது என் கருத்து.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி, பிரான்சிடம் 1–2 என்று மட்டுமே தோற்றார்கள். அது பெருமையாகப் பேசப்பட்டது. 1952 ஹெல்சிங்கியில் குளிரிலும் ஈரத்திலும் அதே வெறுங்கால் ஆட்டம் எடுபடவில்லை. யூகோஸ்லாவியா 10–1 என்ற கணக்கில் வென்றது. அதன் பிறகுதான் காலணி கட்டாயமாயிற்று. (உலகமெங்கும் ஏற்றுமதியாகும் காலணிகளைத் தைக்கும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மாணவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஒரு நாட்டின் அணிக்குக் காலணி போடச் சொல்லித்தர, பத்து கோல் வாங்க வேண்டியிருந்தது.)

அந்தத் தோல்வியின்போதும் பயிற்சியாளர் ரஹீம்தான். ஆனால் அதிலிருந்து அவர் நிறையக் கற்றுக்கொண்டார். அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஹங்கேரி அணியின் ஆட்டமுறையைக் கூர்ந்து கவனித்தார். நடு முன்கள வீரர் எதிரணிக் கோலருகே காத்து நிற்காமல், சற்றுப் பின்வாங்கி வந்து பந்தை வாங்கிப் பகிர்ந்தளிக்கும் முறை அது. அதை இந்திய வீரர்களுக்குப் பழக்கினார். நான்கு ஆண்டுகளில் பலன் தெரிந்தது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று அரையிறுதிக்குள் நுழைந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதி கண்ட முதல் ஆசிய நாடு இந்தியாவே. நெவில் டிசௌசா அந்த ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தார். முடிவில் நான்காம் இடம் கிடைத்தது.

இதற்குப் பின்னால் இருந்தது ஒரு வகுப்பறை ஆசிரியரின் முறை. வலக்கால் பழக்கமுள்ளவர்கள் இடக்காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று விதி வைத்துப் போட்டிகள் நடத்தினார். பந்தைத் தனியே கடத்திச் செல்லக்கூடாது, உடனே பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று வேறொரு விதி. கையெழுத்து சரியில்லாத பிள்ளைக்கு நாலு கோட்டு நோட்டு வாங்கிக் கொடுப்பது போன்றதுதான் இது. பிழையைத் திட்டித் திருத்தாமல், பிழை செய்ய இடமில்லாதபடி பயிற்சியை அமைத்துவிடுகிறார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அக்காலத்தில் இந்தியாவின் உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடங்களே நடந்தன. பன்னாட்டு ஆட்டம் 90 நிமிடம். அந்த 20 நிமிட இடைவெளியை நிரப்பும் கட்டமைப்பு எதுவும் நாட்டில் கிடையாது. ரஹீமின் முகாம்தான் அதை நிரப்பியது. அவரது முகாம்கள் கடுமையானவை என்று பெயர் பெற்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

போதாக்குறைக்கு அவர் 1943 முதல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகவும் இருந்தார். பையன்களைத் தேடிப் பிடிப்பது, போட்டி நடத்துவது, பயிற்சி கொடுப்பது, அணியைத் தேர்வது என்று எல்லாம் ஒரே கையில் இருந்தன. ஹைதராபாத் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது இப்படித்தான்.

ஜகார்த்தா, 1962

ஜகார்த்தா போட்டியின்போது ரஹீம் நுரையீரல் புற்றுநோயின் பிடியில் இருந்தார். முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தை 4–1 என்றும் ஜப்பானை 2–0 என்றும் வென்றார்கள். தாய்லாந்து ஆட்டத்தில் பின்கள வீரர் ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. காயம்பட்டவரை வெளியே உட்கார வைக்காமல், ரஹீம் அவரை நடு முன்களத்துக்கு மாற்றி அரையிறுதியில் இறக்கினார். தென்வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் அவர் ஒரு கோல் அடித்தார். இந்தியா 3–2 என்று வென்றது.

செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே அதே தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் போட்டிக்கு வரவிடாத இந்தோனேசியாவை இந்தியப் பிரதிநிதி ஒருவர் கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தில் அரங்கம் முழுவதும் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. உடல்நலமின்றி ஒதுங்கியிருந்த நெடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை ரஹீம் இறுதியாட்டத்துக்குத் திரும்ப அழைத்தார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் முதல் பாதியிலேயே கோல் போட்டனர். 2–1 என்று தங்கம் வந்தது.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் இறந்தார். வயது 53.

முதல் தேர்வில் தெரியாத இழப்பு

அடுத்து வந்தவர் ஹாரி ரைட் என்ற ஆங்கிலேயர். அவரது தலைமையில் 1964 மே மாதம் இந்தியா இஸ்ரேலில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆடியது. தென்கொரியாவை 2–0 என்று வென்ற நாள் மே 27; நேரு மறைந்த நாளும் அதுவே. இஸ்ரேலிடம் 0–2 தோல்வி, ஹாங்காங்கிடம் 3–1 வெற்றி. இரண்டாம் இடம் கிடைத்தது. ஆசியக் கோப்பையில் இந்தியாவின் மிகச் சிறந்த முடிவு இன்றும் இதுதான். மொத்தம் நான்கே அணிகள் ஆடின என்பதையும் மறைக்கக் கூடாது.

இதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? ரஹீம் போனால் என்ன, வேலை நடக்கிறதே என்றுதான். பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த ஏமாற்று நன்றாகத் தெரியும். நல்ல கணக்கு ஆசிரியர் ஜூன் மாதம் ஓய்வு பெற்றால், அடுத்த மார்ச் மாதத் தேர்வில் தேர்ச்சி விழுக்காடு குறையாது. எழுதுகிறவர்கள் அவர் எட்டாம் வகுப்பிலிருந்து கைபிடித்து வளர்த்த பிள்ளைகள். குறைவு தெரிவது மூன்றாவது ஆண்டிலோ நான்காவது ஆண்டிலோதான். அப்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. பழி புதியவர் தலையில் விழும்.

1964இல் இஸ்ரேலுக்குப் போன அணியின் தலைவர் சுனி கோஸ்வாமி, ஜகார்த்தாவிலும் தலைவராக இருந்தவர். அது ரஹீம் வளர்த்த அணி. ஆனால் அந்த அணியும் கரைந்துகொண்டிருந்தது. துளசிதாஸ் பலராம் நோயால் 1963இல் 26 வயதில் ஆட்டத்தை விட்டார். கோஸ்வாமி 1964இல் பன்னாட்டு ஆட்டத்திலிருந்து விலகினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு இந்தியா தகுதி பெறவில்லை. 1960 ரோம் நகரில் ரஹீம் அழைத்துச் சென்ற அணியே ஒலிம்பிக் கால்பந்தில் ஆடிய கடைசி இந்திய அணி. 1966 ஆசிய விளையாட்டில் முதல் சுற்றோடு வெளியேற்றம். 1970இல் சையத் நயீமுதீன் தலைமையில் வெண்கலம். நயீமுதீன் ஹைதராபாத்தில் வளர்ந்த ஆட்டக்காரர் என்பது தற்செயல் அல்ல. ஆசியக் கோப்பைக்குத் திரும்பத் தகுதி பெற 1984 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹைதராபாத்திலும் இதே கதைதான். ரஹீம் இறந்த பிறகும் 1965–66இல் ஆந்திரப் பிரதேசம் சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன் பின் அந்த மாநிலம் அதை வெல்லவே இல்லை.

இதற்கெல்லாம் ஒருவரது மரணம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஜப்பானும் தென்கொரியாவும் அக்காலத்தில் திட்டமிட்டு முன்னேறின. நாம் 70 நிமிட ஆட்டத்தையே பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அந்தக் குறைகளை மறைத்து வைத்திருந்த மனிதர் போனதும் அவை வெளியே தெரிந்தன. ஹாரி ரைட்டைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அவரிடம் ஒப்படைக்கப்பட்டது பயிற்சியாளர் பதவி மட்டுமே. ரஹீம் பார்த்த மற்ற வேலைகள் எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

அமெரிக்கக் கல்லூரிகளில்

அமெரிக்காவில் ‘ஃபுட்பால்’ என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறொரு ஆட்டம். அங்கே கல்லூரி அணிகளின் தலைமைப் பயிற்சியாளர், கல்லூரி முதல்வரைவிடப் புகழ் பெற்றவராக இருப்பது வழக்கம். அலபாமா பல்கலைக்கழகத்தில் பால் ‘பியர்’ பிரையன்ட் 1958 முதல் 1982 வரை 25 பருவங்கள் பயிற்சியாளராக இருந்து ஆறு தேசியப் பட்டங்கள் வென்றார். கடைசி ஆட்டம் முடிந்து 28 நாள்களில், 1983 ஜனவரி 26 அன்று காலமானார்.

அவரிடமே ஆடிய ரே பெர்கின்ஸ் அடுத்து வந்தார். பிரையன்ட் மேலே நின்று பயிற்சியைக் கவனித்த கோபுரத்தை மைதானத்திலிருந்து அகற்றினார். பழைய உதவியாளர்கள் பலரை மாற்றினார். ஊரே முகம் சுளித்தது. எனினும் 1983இல் 8 வெற்றி, 4 தோல்வி. மறு ஆண்டு 5 வெற்றி, 6 தோல்வி. தோல்விகள் மிகுந்த பருவம் ஒன்றை அலபாமா 1957க்குப் பின் அப்போதுதான் கண்டது. முதல் ஆண்டு தாக்குப்பிடித்து இரண்டாம் ஆண்டில் சரிந்த இந்த வரிசையை நம் 1964, 1966ஆம் ஆண்டுகளோடு வைத்துப் பாருங்கள்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் வேறு வழியில் போயிற்று. அங்கே பாப் டெவானி தம் உதவியாளர் டாம் ஆஸ்போர்னை 1973இல் பொறுப்பேற்க வைத்து, தாம் விளையாட்டுத் துறையின் இயக்குநராக அங்கேயே இருந்தார். ஆஸ்போர்ன் 25 பருவங்கள் நீடித்து, 255 ஆட்டங்களை வென்று, மூன்று தேசியப் பட்டங்கள் பெற்றார். முதல் பட்டம் கிடைத்தது 1994இல், அதாவது 22ஆவது பருவத்தில். அதுவரை காத்திருந்தார்கள். நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் ஒருவர் ஓய்வு பெறுவதற்கு முன்பே அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்கியதை நான் கேள்விப்பட்டதில்லை. பள்ளிகளில் நிலைமை இன்னும் எளிது: இடம் நிரம்பும்வரை விளையாட்டுப் பாடவேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார்.

நாற்காலிக்கு வெளியே வளர்ந்தவர்கள்

ரஹீமுக்கு வாரிசுகள் இல்லாமல் இல்லை. அவரிடம் ஆடியவர்கள் பல ஊர்களில் பயிற்சியாளர்களானார்கள். பி.கே. பானர்ஜி கொல்கத்தாவில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய இரு பெரும் கழகங்களையும் பயிற்றுவித்தார். 1977இல் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2–2 என்று சமன் செய்த மோகன் பகான் அவர் பயிற்றுவித்ததே. 1960 ரோம் அணியில் இருந்த தமிழரான சைமன் சுந்தர்ராஜ் கேரளத்துக்குப் போனார். 1973இல் கேரளம் முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையை வென்றபோது அந்த அணியின் பயிற்சியாளர் அவர்தான். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சார்யா விருதை நயீமுதீன் 1990இல் பெற்றார். அந்த விருது தொடங்கப்பட்டதே 1985இல். ரஹீம் இறந்து 22 ஆண்டுகளுக்குப் பிறகு.

ரஹீமின் மகன் சையத் ஷாகித் ஹக்கீம் (1939–2021) விமானப்படை அதிகாரி. ரோம் ஒலிம்பிக் அணியில் தந்தையோடு சென்றவர். பின்னர் பன்னாட்டு நடுவராகவும் இருந்தார். 1982இல் ஆசிய விளையாட்டு மீண்டும் தில்லிக்கு வந்தது. இந்திய அணியின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, உதவிப் பயிற்சியாளர் ஹக்கீம். 31 ஆண்டுகளுக்கு முன் ரஹீமின் அணி தங்கம் வென்ற அதே நகரில், அவருடைய மாணவரும் மகனும் ஒரே அணியைப் பயிற்றுவித்தார்கள். இந்தியா காலிறுதி வரை சென்றது. சவூதி அரேபியாவுடனான அந்த ஆட்டம் கோல் இன்றியே நீண்டது. முடியும் தறுவாயில் சவூதி ஒரு கோல் போட்டது.