முதலில் வீடு, பிறகுதான் பள்ளி

மின்சார ரயிலில் போய் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது புகைபோக்கிகள்தான். வல்லூர் அனல்மின் நிலையம். மூன்று அலகுகள், ஒவ்வொன்றும் 500 மெகாவாட். பள்ளித் தோழி ஒருத்தி சமூகப்பணியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். கேள்வித்தாளை மொபைல் செயலியாக மாற்றிக் கொடுத்தது நான் என்பதால், ஒரு சனிக்கிழமை அவளோடு வல்லூருக்குப் போனேன்.

முதல் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு அம்மா கேட்டார்: "நீ நாலாவது ஆளும்மா. எழுதிக்கிட்டுப் போறீங்க, டாக்டர் ஆயிடுறீங்க. எங்க ஆறு மட்டும் அப்படியேதான கெடக்கு?"

திரும்பும் ரயிலில் தோழி பேசவே இல்லை. இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று நான் தேட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

1889இல் ஜேன் ஆடம்ஸும் எலன் ஸ்டாரும் சிகாகோவில் ஏழைக் குடியேறிகளின் தெருவிலேயே குடிபோனார்கள். ஹல் ஹவுஸ் என்ற அந்த வீட்டில் தங்கியிருந்த ஃபிளாரன்ஸ் கெல்லி, அக்கம்பக்கத்து வேலைக்கூடங்களை ஆராய்ந்து எழுதினார். 1893இல் பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்த சட்டம் வந்ததில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு. இரண்டே ஆண்டில் நீதிமன்றம் அந்த எட்டு மணியை ரத்து செய்தது வேறு கதை.

பம்பாயிலும் இதே வரிசைதான். நாக்பாடாவின் நெருக்கடியான தெருக்களுக்கு நடுவே 1926இல் ஓர் அண்டைவீட்டு மையம் தொடங்கியது. அதை நடத்திய கிளிஃபோர்ட் மான்ஷார்ட்தான், 1936இல் பிறந்த டாட்டா சமூகப்பணிப் பள்ளியின் முதல் இயக்குநர். சென்னையில் கில்ட் ஆஃப் சர்வீஸில் பல வருடங்கள் உழைத்த மேரி கிளப்வாலா ஜாதவ், 1952இல் மெட்ராஸ் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். எல்லா இடத்திலும் முதலில் வீடு, வேலை, பிறகு பள்ளி. முனைவர் பட்டம் கடைசியாக எழுப்பிய மாடி.

நாம் நேராக மாடிக்கு ஏறிவிடுகிறோம். யுஜிசியின் 2022 விதிப்படி ஆய்வுக்குக் குறைந்தது மூன்று வருடம், பொதுவாக அதிகபட்சம் ஆறு. ஆற்றின் கணக்கு அதற்குள் அடங்காது. அதற்காக ஆய்வே வீண் என்று சொல்லமாட்டேன். எழுதி வைக்காத துயரம் எந்த அலுவலகக் கோப்பிலும் ஏறாது. கெல்லியின் ஆயுதமும் கணக்கெடுப்புதான். ஆனால் அவர் கணக்கெடுத்து முடித்ததும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அதுவரை கிடைத்ததை ஒரே பக்கத் தமிழில் எழுதிக்கொண்டு தோழி திரும்பவும் அதே திண்ணைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்ட அந்த அம்மா, தொழில் பட்டியலில் நிறுத்தினார்.

"தண்ணிக்குள்ள உக்காந்து கையால தடவி எறா புடிக்கிற பொம்பளைங்கள எதுல போட்ட?"

'மற்றவை'யில் போட்டிருந்தோம். அந்தப் பட்டியலைச் செய்தவன் நான். அங்கேயே மடிக்கணினியைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்.

"இப்ப கேளு," என்றார்.