அம்மா அப்பாவை மறுபடி உள்ளே கூப்பிட்ட கதை

இன்னைக்கு அனோரெக்ஸியா பத்தி பேசுவோம். எடை கூடிடுமோங்கிற பயத்துல, உயிருக்கே ஆபத்தாகிற அளவுக்குச் சாப்பாட்டைக் குறைச்சுக்கிற நோய். டீனேஜ் பொண்ணுங்களுக்கு அதிகம், பசங்களுக்கும் வரும். இதுக்கான சிகிச்சையோட வரலாறுல எனக்குப் பெரிய கேள்வி ஒண்ணுதான்: பெத்தவங்களுக்கு அதுல என்ன இடம்?

1870-கள்ல லண்டன்ல இந்த நோய்க்குப் பேர் வெச்ச வில்லியம் கல், இவங்களைப் பார்த்துக்கச் சொந்தக்காரங்க சரிப்பட மாட்டாங்கன்னு எழுதினார். பாரிஸ்ல ஷார்கோ, பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு வைக்கிறதையே சிகிச்சையாக்கினார். அந்த எண்ணம் நூறு வருஷம் ஓடுச்சு. ஆஸ்பத்திரியில ஏறின எடை, வீட்டுக்குப் போனதும் பலருக்கு இறங்கிடும்.

1987-ல லண்டன் மாட்ஸ்லி ஆஸ்பத்திரி ஆய்வு ஒண்ணு வந்துச்சு. ஜெரால்ட் ரஸ்ஸல் குழுவோடது. வார்டுல எடை தேறி வீடு திரும்பின 80 பேர்ல ஒரு பகுதிக்குக் குடும்ப சிகிச்சை, மத்தவங்களுக்குத் தனிநபர் சிகிச்சை. சின்ன வயசுலயே நோய் வந்து, மூணு வருஷம் தாண்டாதவங்களுக்குக் குடும்ப சிகிச்சை தெளிவா நல்லா வேலை செஞ்சது. அந்தப் பிரிவுல இருந்தது வெறும் 21 பேர். ஆனா அஞ்சு வருஷம் கழிச்சும் வித்தியாசம் தெரிஞ்சது.

சரி, மாட்ஸ்லியில சிலருக்குத் தெரிஞ்ச இந்த முறையை மத்த ஊர் தெரபிஸ்ட்டுகளுக்கு எப்படிக் கத்துக்கொடுக்கிறது? 2001-ல ஜேம்ஸ் லாக், டேனியல் லெ கிரேஞ்ச் குழு இதை ஒரு கையேடாவே எழுதினாங்க. முதல் கட்டத்துல சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்க பெத்தவங்களுக்கு. அடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமா பிள்ளைகிட்டயே திருப்பிக் கொடுக்கணும். கடைசியா, அந்த வயசுக்கே உரிய மத்த விஷயங்கள். 2010-ல 121 பேரை வெச்சு நடந்த ஆய்வுல, சிகிச்சை முடிஞ்சு ஒரு வருஷத்துல இந்த முறையில 49% பேர் முழுசா தேறியிருந்தாங்க. தனிநபர் சிகிச்சையில 23%.

பயிற்சியில கஷ்டமே இங்கதான். காரணம் தேடி யாரையும் குத்தம் சொல்லக்கூடாது. ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கணும். ரெண்டாவது சந்திப்புல குடும்பமே சாப்பாடு கொண்டுவந்து தெரபிஸ்ட் முன்னாடி சாப்பிடணும். பிள்ளை மறுக்கும், அழும். அப்பவும் தெரபிஸ்ட் தானே ஊட்டப் போகக்கூடாது. இன்னொரு வாய் ஊட்ட அம்மா அப்பாவுக்குத் தைரியம் கொடுக்கணும். கனடாவோட ஒன்டாரியோவுல தெரபிஸ்ட்டுகளைக் கேட்டப்போ, எடை பார்க்கிறதும் இந்தச் சாப்பாட்டுச் சந்திப்பும்தான் பலருக்குத் தயக்கமா இருந்தது. அதனாலதான் புத்தகம் மட்டும் போதாது. அனுபவசாலி ஒருத்தர் கூட இருந்து வழிகாட்டணும்.

எனக்கு இதுல பிடிச்சது இதுதான்: நிபுணருக்கே 'நீ கொஞ்சம் பின்னாடி உட்காரு'ன்னு சொல்லித் தர்ற பயிற்சி இது. தெரபிஸ்ட் வாரத்துல ஒரு மணி நேரம்தான் இருப்பார். மூணு வேளையும் தட்டு முன்னாடி உட்காரப்போறது அம்மாவும் அப்பாவும்தானே?

உங்க வீட்டுல யாராவது இப்படிச் சாப்பிடாம மெலிஞ்சுட்டே போனா, தள்ளிப்போடாம டாக்டரைப் பாருங்க.