கோட்டையை ஒப்படைத்த கதை



ஆங்கிலத் தேர்வில் நல்ல புள்ளிகள் பெறும் நம் பிள்ளைகள் சிலர், நண்பர்களின் இயல்பான ஆங்கில உரையாடலில் வாயடைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன். 'டொலரேட்' என்னும் சொல்லை அறிந்த பிள்ளை, அதே பொருள் தரும் 'புட் அப் வித்' என்பதைக் கேட்டால், எதையோ மேலே வைக்கச் சொல்கிறார்கள் என்று மயங்குகிறது. இம்மயக்கத்தின் வேர் ஆங்கிலமொழி வரலாற்றில் உள்ளது.

பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கு முன்னே ஒட்டுகளைச் சேர்த்துப் புதுப்பொருள் உண்டாக்கினர். காலப்போக்கில் அம்முறை தளர்ந்தது. 'அப்', 'அவுட்', 'ஆஃப்' போன்ற சிறுசொற்கள் வினைக்குப் பின்னே வரலாயின. இதற்கிடையே, 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் பிரபுக்களிடையிலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. பொதுமக்களோ தம் வீட்டு மொழியை விடவில்லை.

'கிவ் அப்' என்பதையே எடுத்துக்கொள்வோம். 1139இல் ஸ்டீபன் மன்னர், சாலிஸ்பரி, லிங்கன் ஆயர்களைச் சிறைப்பிடித்து, அவர்களுடைய கோட்டைகளை ஒப்படைக்குமாறு நெருக்கினார். இதனைப் பீட்டர்பரோ மடத்துத் துறவி ஒருவர் 1155ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் எழுதியபோது, 'கிவ் அப்' என்பதன் பழைய வடிவத்தையே ஆண்டார். அன்று கோட்டையை ஒப்படைப்பதைக் குறித்த தொடர், பின்னர் முயற்சியையும் நம்பிக்கையையும் பழக்கத்தையும் கைவிடுவதற்கு ஆகிவந்தது. பிரெஞ்சு வழிவந்த 'சரண்டர்' ஆங்கிலத்தில் புகுந்ததோ 15ஆம் நூற்றாண்டில்தான்! ஆகவே இத்தொடர்களைக் கொச்சை என ஒதுக்குவது பிழை.

1755இல் பேரகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்மொழியினருக்கு மிகுந்த இடர் தருபவை இத்தகைய வினைகளே என முன்னுரையில் குறிப்பிட்டு, அவற்றைக் கவனத்துடன் தொகுத்தார். 'பிரேசல் வெர்ப்' என்னும் பெயரை 1925இல் லோகன் பியர்சால் சுமித் தம் நூலில் வழங்கினார். பெயர் புதிது, பொருளோ மிகப் பழையது.

நம் தமிழிலும் 'கைவிடு' என்பதில் கையும் இல்லை, விரலும் இல்லை. தமிழ் கற்கும் அயலாரும் அங்கே திகைக்கத்தானே செய்வர்? மரபுத்தொடரைச் சூழலோடும் கதையோடும் கற்பிப்பவர்கள் நாம். ஆங்கிலத் தொடர்களையும் பட்டியலிட்டு மனனம் செய்விக்காமல், 'இச்சொல்லைக் கட்டுரையில் எழுது. இத்தொடரை நண்பனிடம் பேசு' என இணையாகக் காட்டுவோம். மொழியின் கதை தெரிந்த பிள்ளை பேச அஞ்சாது.