சுரங்கத்தில் பிறந்த ஆய்வகம்

1919. முதல் உலகப் போர் ஓய்ந்து, லண்டனில் பெட்டிகளைத் திறக்கத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டு ஜெர்மன் விமானங்களுக்குப் பயந்து, பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன் அரும்பொருள்கள் பலவற்றை ஹோல்பர்ன் பகுதியில் தபால்துறை ரயிலுக்காக வெட்டிய சுரங்கத்துக்குள் இறக்கியிருந்தது. குண்டு எட்டாத ஆழம் அது.

குண்டுக்குத் தப்பிய பொருள்கள் நோயோடு மேலே வந்தன. இரும்பில் துரு ஏறியிருந்தது. காகிதத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. கல்லிலும் சுடுமண்ணிலும் உப்பு பூத்திருந்தது. வெண்கலத்தில் வெளிர்பச்சைப் புள்ளிகள் அரும்பியிருந்தன.

அந்தப் புள்ளியை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பழைய செம்பில் படியும் வழுவழுப்பான கரும்பச்சைக் களிம்பு, உலோகத்துக்குப் போர்வை மாதிரி. இது வேறு, விரல் பட்டாலே மாவாக உதிரும். மண்ணில் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்துக்குள் உப்பின் குளோரைடு புகுந்து, செம்போடு சேர்ந்து உறங்கிக் கிடக்கும். காற்று உலர்ந்திருக்கும்வரை தொல்லையில்லை. ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். அமிலம் உண்டாகும், அமிலம் செம்பை அரிக்கும், அரித்த செம்பிலிருந்து மறுபடி அதே குளோரைடு உப்பு பிறக்கும். இந்தச் சுழலுக்குத்தான் வெண்கல நோய் என்று பெயர். பூட்டிய பெட்டிக்குள், யாரும் தொடாமலே, ஒரு சிலையின் முகம் கரைந்துவிடும்.

என்ன செய்வதென்று அருங்காட்சியகம் அலெக்சாண்டர் ஸ்காட் என்ற வேதியியலாளரைக் கேட்டது. பொருள்களைப் பார்த்த அவர், இதற்கு ஆய்வகமே வேண்டும் என்றார். தற்காலிக ஏற்பாடாக 1920இல் தொடங்கிய அந்த ஆய்வகம் பிறகு மூடப்படவே இல்லை. 1924இல் ஹெரால்டு பிளெண்டர்லீத் என்ற இளம் வேதியியலாளர் வந்து சேர்ந்தார். அதுவரை கைத்திறனை நம்பியிருந்த பழுதுபார்ப்பு, காரணம் தேடும் அறிவியலாக வளர்ந்தது.

அடுத்த போரில் அந்தப் பாடம் கைகொடுத்தது. 1941இல் லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் ஓவியங்கள் வேல்ஸில் மானட் மலையின் கற்பலகைச் சுரங்கத்துக்குப் போயின. இந்த முறை கொண்டுபோய் அடுக்கிவிட்டுத் திரும்பவில்லை. குகைக்குள்ளேயே செங்கல் அறைகள் கட்டி, உள்ளே போகும் காற்றைச் சூடாக்கினார்கள். குகையின் இயல்பான வெப்பம் சுமார் 8 டிகிரி. அறைகளில் அதைச் சுமார் 17க்கு உயர்த்தினார்கள். அதே அளவு நீராவிதான், ஆனால் காற்று சூடேறியதும் அதன் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடும். இரவும் பகலும், கோடையும் குளிரும் ஒரே நிலை. ஓவியப் பலகை ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும்போதுதான் வண்ணம் பெயரும். உப்பலும் சுருங்கலும் அடங்கியதும், வண்ணம் ஒட்டும் வேலை வெகுவாகக் குறைந்தது. போர் முடிந்து லண்டனுக்குத் திரும்பியதும் வண்ணம் மறுபடி கொப்புளிக்கத் தொடங்கியது. மாளிகையைவிட மலைக்குகை நல்ல வீடாக இருந்திருக்கிறது! பிறகுதான் ஓவியக்கூடத்தின் அறைகளுக்கே காற்றுச் சீரமைப்பு வந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் எழும்பூருக்கு ஓடிவிடும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகளில் பல, படையெடுப்புக்கு அஞ்சி யாரோ மண்ணுக்குள் மறைத்துவைத்தவை. லண்டன்காரர்கள் சுரங்கத்தில் செய்ததை நம்மவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கோயில் மண்ணில் செய்தார்கள். அந்தத் திருமேனிகளும் உப்பைச் சுமந்தே வெளியே வந்தன. 1930களில் எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் எழும்பூர் ஆய்வகத்தில் அவற்றுக்கு வைத்தியம் பார்த்தார். திருமேனியைக் காரக் கரைசலில் அமிழ்த்தி மெல்லிய மின்சாரம் செலுத்தினால், உள்ளே புகுந்த குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.

மறைத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. எதிரியின் கையிலிருந்து அவர் காப்பாற்றிக் கொடுத்தார். காற்றில் இருக்கும் ஈரத்திலிருந்து காப்பாற்றுவது, நமக்கென்று அவர் விட்டுச்சென்ற பாதி வேலை.